பஞ்சு இருமல்

உள்ள வாங்க அம்மிணி. செருப்பை வாசல்ல விடாதீங்க, கையில எடுத்துட்டு வந்து கதவு மறைவுல போடுங்க. புதுச் செருப்பு ஒண்ணு எங்க வாசல்ல கிடந்தா எதுத்த வீட்டுப் பூங்கொடிக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. யாரு, என்ன, எந்த ஊருன்னு கேட்டு முடிக்கற வரைக்கும் அவ உலை வைக்க மாட்டா.

அந்தச் சேர்ல உக்காராதீங்க. அது கோபிகா சேரு. இந்த முக்காலியில உக்காருங்க.

சத்தம் போடறேன்னு நெனைச்சுக்காதீங்க, நான் பேசறதே இப்படித்தான். இருபத்தெட்டு வருசமா தறிப் பட்டறையில நிக்கறவ. அங்க பக்கத்துத் தறிக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னாலும் கத்தித்தான் சொல்லோணும். வீட்டுக்கு வந்தாலும் தொண்டை இறங்க மாட்டேங்குது. அதனாலதான் சன்னலைச் சாத்தி வெச்சிருக்கறேன். இன்னைக்கு நேத்துச் சாத்தினதில்ல, ஒம்பது வருசமாச் சாத்தித்தான் கெடக்குது. புழுக்கமா இருந்தா அந்த அட்டையை எடுத்து வீசிக்கங்க. கரண்டு இல்ல. மாசத்துக்கு ஒரு நாள் லைனைச் சரி பண்றோம்னு நிறுத்திப் போடறாங்க, அது இன்னைக்கு. கரண்டு இருந்திருந்தா நான் பட்டறையில இருந்திருப்பேன், உங்களுக்குச் சிக்கியிருக்க மாட்டேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இன்னைக்குப் பாத்து வந்திருக்கீங்க. படிச்ச புள்ளைக, ரோசனை பண்ணாமயா வருவீங்க.

மொதல்ல அந்தச் சளி டப்பாவைப் பைக்குள்ள வைங்க. நான் துப்ப மாட்டேன். போன வாரம் உங்க ஆசுபத்திரியில இருந்து வந்த தம்பிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். நீங்க வாயையும் மூக்கையும் கட்டிட்டு வருவீங்க, என்னை மட்டும் வாயைத் திறந்து துப்பச் சொல்லுவீங்க. இது என்னங்க நாயம்?

இருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

இது பஞ்சு இருமல் அம்மிணி. நீங்க தேடற இருமல் இது இல்ல. தறி ஓடறப்ப பஞ்சு பறக்கும், புருவத்துல ஒட்டும், மூக்குல ஏறும், பொழுதோட வீட்டுக்கு வந்தா தலை நரைச்ச மாதிரி இருக்கும். காத்து வந்தா நூல் காஞ்சு அறுந்துரும்னு அங்கயும் சன்னலைத் திறக்க மாட்டாங்க. எங்க பட்டறையில இருமாத பொம்பளை யாருன்னு காட்டுங்க, அவளுக்கு நான் மாலை போடறேன். எத்தனை நாளா இருமல்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? ஆடிக்கு முன்னாலயோ பின்னாலயோ. தறி ஓடறப்ப இருமினா யாருக்குக் கேக்குது? எனக்கே கேக்காது. இன்னைக்குக் கரண்டு இல்லாததுனால உங்க காதுல விழுகுது, அவ்வளவுதான்.

நீங்க கேட்டது போதும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை எம்புள்ள கோபிகாவை ஆசுபத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னாரு டாக்டரு. போர்வையெல்லாம் துவைச்சுப் போட்டுட்டேன். நாட்டுக்கோழி முட்டை சொல்லி வெச்சிருக்கறேன். நேத்துப் போனாப் பேச்சை மாத்திட்டாரு. வீட்டுல இருக்கறவங்களோட சளியை டெஸ்ட் பண்ணாம இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம். அதுவரைக்கும் பவானியில இருக்கற சித்தி வீட்டுக்குப் போகட்டும்ங்கறாரு. வீட்டுல இருக்கறவங்கன்னா யாருங்க? நானும் அந்தச் சுவத்துப் பல்லியும். பல்லியைத் துப்பச் சொல்ல முடியாது, அப்ப டப்பா எனக்குத்தான?

பவானிக்குப் போனா அவ திரும்பி வர மாட்டா. எழுதி வெச்சுக்கங்க. அந்தச் சித்தி, அவங்கம்மாவோட தங்கச்சி கலாமணி, அப்படியாப்பட்ட ஆளு. மாடி வீடு, மூணு பக்கமும் சன்னல், மீன் தொட்டி. பன்னெண்டு வயசுப் புள்ள, மீன் தொட்டியைப் பாத்துட்டு இந்த இருட்டறைக்கு வருமா?

அந்தக் குடும்பத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணும். அப்பத்தான் யாருகிட்ட டப்பாவை நீட்டியிருக்கோணும்னு உங்களுக்குத் தெரியும்.

கோபிகாவோட அப்பன் செங்கோடன் என் தம்பி. எனக்குப் பன்னெண்டு வருசம் இளையவன், நான் இடுப்புல தூக்கி வளத்தவன். புள்ளை இல்லைன்னு எம் புருசன் என்னை வீட்டை விட்டுத் தாட்டி விட்டப்ப, வா அக்கா, இருக்கறதை ஒரே வட்டல்ல போட்டுத் தின்னுக்கலாம்னு பெட்டியைத் தூக்கிட்டு முன்னால நடந்தவன். போர் போடற ரிக் வண்டியில வேலை. எங்கூரு ரிக் வண்டி போகாத தேசம் ஏதுங்க? ஆந்திரா, ஒரிசா, அதுக்கு மேலயும் போவாங்க. போனா எட்டு மாசம், பத்து மாசம். மழை புடிச்சாத்தான் ஊர் வருவாங்க. வண்டியில போறவன் கெட்டுப் போவான்னு ஊருல ஒரு பேச்சு இருக்குது. ஊருல பேசறதை எல்லாம் கேக்கறதுக்கா நமக்குக் காது குடுத்திருக்குது? பத்து மாசம் வெளியூருல கெடந்தவன் சுத்தமா இருந்தான். வீட்டு வாசலைத் தாண்டாத அவன் பொண்டாட்டி, பேர் சொல்லக்கூடாத அந்தச் சீக்கைக் கொண்டாந்தா. எப்படிக் கொண்டாந்தான்னு கேக்காதீங்க. கொண்டாந்தா.

வசந்தாமணின்னு பேரு. சத்தமே வராது. நான் பத்து வார்த்தை பேசினா அவ ஒரு வார்த்தை பேசுவா, அதுவும் நாத்தனாங்கற மரியாதைக்கு ‘சரிங்க நங்கை’ன்னு. அமுக்கு. அமுக்கா இருக்கறவளைத்தான் நம்பக்கூடாதுங்க. என்னை மாதிரிக் கத்தறவ வயித்துல ஒண்ணும் இருக்காது.

ஒரு சேதி சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. புள்ள பொறந்துச்சு. கவருமெண்டு ஆசுபத்திரியிலதான். பொறந்ததும் இந்த மகராசி என்ன பண்ணினா தெரியுமா? பால் குடுக்க மாட்டேன்னுட்டா. ரவிக்கை நனைஞ்சு ஊத்துது, புள்ள வீல்வீல்னு கத்துது, இவ செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, பவுடர் பால் வாங்கியாரச் சொல்லுங்கங்கறா. ஏண்டின்னு கேட்டா அழுகுறா. நர்சு சொல்லுச்சுங்கறா. என்ன சொல்லுச்சுன்னு கேட்டா மறுபடி அழுகுறா. பாக்க வந்த ஒறம்பரை, சொந்தமெல்லாம் ஒரு மாதிரிப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பெத்தவ பால் குடுக்கலைன்னா ஊரு என்னங்க சொல்லும்? நான் விடுவனா? புள்ளையைத் தூக்கி மடியில போட்டு, தலையைப் புடிச்சு வாய்ல வெச்சேன். நாலு மாசம். ஒவ்வொரு வேளையும் நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டேன், குடுக்கறாளா இல்லையான்னு.

பின்னால தெரிஞ்சுது ஏன்னு. வயித்துல இருக்கறப்பவே ரத்தம் எடுத்துப் பாத்து அவகிட்டச் சொல்லியிருக்காங்க. மாத்திரையும் குடுத்திருக்காங்க. என்ன மாத்திரைடின்னு கேட்டதுக்குச் சத்து மாத்திரைன்னா. அந்த நர்சு மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்குது, பால்லயும் போகும்மான்னு. இவ வாயைத் திறந்து என்கிட்டச் சொல்லியிருக்கோணுமா இல்லையா? சொல்லாதது யாரு குத்தம்? அந்தப் பாலுல குடுத்தா அம்மிணி எம்புள்ளைக்கு. பெத்தவளே குடுத்தா.

தலையாட்டாதீங்க, ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க.

சரி, போகட்டும். தம்பி மொதல்ல போனான். மறு வருசம் அவ போனா. அவ கெடக்கறப்பத்தான் புள்ளைக்கும் ரத்தம் எடுத்தாங்க, இருக்குதுன்னாங்க. அப்ப மூணு வயசு. தாய் செத்தாத் தகப்பன் சித்தப்பன்னு சொல்லுவாங்க. இவளுக்கு அந்தச் சித்தப்பனும் இல்ல. இருந்தது அத்தை ஒருத்தி. ஒறம்பரையில ஒருத்தரும் தொடல. அனாதைப் புள்ளைக ஓம்ல சேத்திரலாம்னாங்க. யாரைச் சேக்கறது? நான் இருக்கறப்ப?

அன்னையில இருந்து நான் பட்டது பெருமாளுக்குத்தான் தெரியும். மாத்திரை இங்க பக்கத்து ஆசுபத்திரியிலயே குடுக்கறாங்க. நான் அங்க போகல. ரெண்டு பஸ் மாறி அடுத்த ஜில்லாவுல போய் வாங்கறேன். தெரிஞ்ச மூஞ்சி இருக்காதுல்ல. வீட்டுக்கு வந்ததும் டப்பாவுல ஒட்டியிருக்கற பேரைப் பிளேடு வெச்சுச் சுரண்டிருவேன், ஒரு எழுத்து விடாம. எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவ வந்துட்டா? தினமும் ஒரு வேளை, ஆனா நேரம் தப்பக்கூடாதுன்னாங்க, போன்ல மணி வெச்சுக் குடுத்தாங்க. எட்டு மணியானா அது கூப்பாடு போடும். பூங்கொடிக்கு அது பொறுக்குமா? ‘என்னக்கா, தினமும் எட்டு மணிக்கு உங்க வீட்டுல மணி அடிக்குது, பூசை போடறீங்களா’ன்னு கேட்டா. அன்னைக்குச் சாத்தினதுதான் அந்தச் சன்னலு.

மாத்திரை என்னத்துக்குன்னும் ஒரு நாள் கேட்டா. ஊர் வாயை மூட உலைமூடி உண்டுங்களா? தைராய்டுன்னு சொல்லிட்டேன். முதலாளி சம்சாரத்துக்குத் தைராய்டு, தினமும் மாத்திரை போடறாங்க, பாத்திருக்கறேன். கௌரவமான சீக்கு. பூங்கொடியும் ஆமாக்கா, இப்ப எல்லாருக்கும் அதுதான் வருதுன்னுட்டுப் போயிட்டா. புள்ளைகிட்டயும் அதையேதான் சொன்னேன். உனக்குத் தைராய்டு கண்ணு, மாத்திரையை விட்டா படிப்பு ஏறாதுன்னு.

வீட்டுலயும் சாக்கிரதைதான். அந்தா மேடையில கவுத்து வெச்சிருக்கறது அவ வட்டலு. அடியில சிவப்பு நகப்பாலீசு வெச்சிருக்கும் பாருங்க. டம்ளர்லயும் இருக்கும். அவளோடதைத் தனியாக் கழுவி, சுடுதண்ணி ஊத்தித் தனியா வைப்பேன். சோப்பும் தனி, சீப்பும் தனி. ஆசுபத்திரியில இருக்கற கவுன்சிலர் அம்மா சொல்லும், ‘வட்டல்ல எல்லாம் ஒட்டாதும்மா, சேந்து சாப்பிடுங்க’ன்னு. சொல்லுவாங்க. அவங்க வீட்டு வட்டலா? நான் படுத்துட்டா இவளை யாரு பாக்கறது? அதுக்காகத்தான் நான் என்னைக் காப்பாத்திக்கிட்டேன்.

படுக்கறது மட்டும் ஒண்ணாத்தான். அவ தனியாப் படுக்க மாட்டா. ஒரே பாய்தான், என் கழுத்துல மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டாத்தான் அவளுக்குக் கண்ணு மூடும். ஒம்பது வருசமா அப்படித்தான். நான் இருமினா என் நெஞ்சைத் தடவிக் குடுப்பா, தூக்கத்துலயே.

இதை எதுக்கு எழுதறீங்க? வட்டல் சேதியை எழுதுங்க. இத்தனை சாக்கிரதையா இருந்தவன்னு எழுதுங்க.

இருங்க, தண்ணி.

என்ன சொன்னேன்? ஆமா, கழுத்து. ஆவணியில ஒரு நாள் தலை பின்னி விடறப்பப் பாத்தேன், காதுக்குக் கீழ நெறி கட்டியிருந்துச்சு. புளியங்கொட்டை அளவுக்கு. வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னா. மஞ்சளைக் கொழைச்சுப் பத்துப் போட்டு, கழுத்துல துணியைச் சுத்தி விட்டேன். அடங்கல. புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆச்சு. அன்னைக்குப் பூங்கொடி தண்ணி புடிக்கறப்ப புள்ளைய நிறுத்திக் கழுத்தைத் தடவிப் பாத்துட்டு, ‘தைராய்டுன்னாக் கழுத்து இப்படித்தான் வீங்குமாக்கா, எங்க சின்னம்மாவுக்கும் இப்படித்தான்’னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஒம்பது வருசமா நான் சொன்னதுக்குச் சாட்சி கெடைச்சுது. பாத்தியா, நான் பொய் சொல்லலைன்னு அவளைப் பாத்துச் சிரிச்சேன். கழுத்துத் துணியை எடுத்துட்டு நாலு பேர் பாக்கற மாதிரியே அனுப்பினேன் பள்ளிக்கூடத்துக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? தைராய்டு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒம்பது வருசம் ஒண்ணையே சொல்லிட்டு வந்தா நாக்கு மட்டுமா நம்புது?

அப்பறம் பொழுதானா மேல் சுட ஆரம்பிச்சுது. சோத்தைத் தொட மாட்டேங்கறா. பாவாடை நாடாவை இழுத்து இழுத்துக் கட்டறா. நான் என்ன நெனைச்சேன்னா, அந்த மாத்திரைதான் சத்தில்லாம வருதுன்னு நெனைச்சேன். கவருமெண்டு மாத்திரை. மாத்திரை வாங்கப் போற நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்துச்சு. நடுவுல புள்ளையைக் கூட்டிட்டுக் கெளம்பினா பூங்கொடி கேப்பா. தைராய்டுக்கு யாருங்க அவசரமா ஓடுவாங்க? பதினெட்டு நாள்தான, பல்லைக் கடிச்சுட்டு இருந்தரலாம்னு இருந்தேன். பதினோராம் நாள் பள்ளிக்கூடப் பிரேயர்ல விழுந்துட்டா. டீச்சரு ஆட்டோவுல போட்டுப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போயிருச்சு. என்னைக் கேக்காம.

பட்டறையில தறிச் சத்தத்துல யாரோ வந்து என் தோளைத் தொட்டாங்க. வாய் அசையறது தெரியுது, என்ன சொல்றாங்கன்னு கேக்கல. கோபிகாங்கற பேரு மட்டும் உதட்டுல தெரிஞ்சுது. தறியை நிறுத்தாமயே ஓடினேன். ஊடை நூல் அறுந்து நாலு கெஜம் பாழாப் போச்சாம்.

டாக்டரு சின்ன வயசு. என்னை உக்கார வெச்சுச் சொன்னாரு. இந்த மாதிரிப் பொறக்கற கொழந்தைகளுக்கு அந்த ஒரு சீக்கு மட்டும் இல்லம்மா, அதுக்குப் பின்னால மத்ததும் வந்து ஒட்டிக்கும், இவளுக்குக் காசநோய் ஒட்டியிருக்குது, கழுத்துலயும் இருக்கு, நுரையீரல்லயும் இருக்குன்னாரு. வேலி இல்லாத காடு மாதிரிம்மா, எந்த மாடு வந்தாலும் மேஞ்சிட்டுப் போயிரும்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. எனக்கும் புரிஞ்சுது. அப்ப மாடு எங்கிருந்துங்க வந்துச்சுன்னு கேட்டேன். ‘அதைத்தாம்மா நாங்களும் தேடறோம். தூரத்துல இருந்து வந்திருக்காது. கூடவே இருக்கற யாரோ’ன்னாரு.

நான் சொன்னேன், டாக்டருங்க, வேலியைப் பிரிச்சவ ஒருத்தி இருக்கறா, செத்துப் போனா. வேலியைப் பிரிச்சவளை விட்டுட்டு மாட்டைத் தேடிட்டு இருக்கீங்களேன்னேன். அவரு பாட்டுக்கு ஊசி மருந்துச் சீட்டு எழுதிட்டு இருந்தாரு.

இப்ப அவளுக்கு ரெண்டு மருந்து. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதாம், சக்களத்திங்க மாதிரி. இது உள்ள போனா அதோட பலத்தை இது புடுங்கிருமாம். அதனாலப் பழைய மாத்திரையை ஒரு வேளைக்கு ரெண்டு வேளையாக் கூட்டியிருக்காங்க. மொத நாள் ஒண்ணுக்குப் போய்ட்டு அலறியடிச்சு வந்தா, ‘அத்தை, செவப்பாப் போகுது’ன்னு. பயப்படாத, மருந்தோட நெறம்னு நர்சு சொல்லுச்சு. சந்தோசமா இருந்தா அன்னைக்கு. என் மடியில தலை வெச்சுக்கிட்டு, ‘இப்படி ஒரு நெறம் நம்ம பட்டறைச் சாயத்துலகூட இல்ல அத்தை’ன்னா.

அந்தப் புள்ளதாங்க என்னைக் காட்டிக் குடுத்துச்சு.

ஆமா. நீங்க இங்க உக்காந்திருக்கறதே அவளாலதான். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? டாக்டரு ரவுண்டு வந்தப்ப நான் கட்டில் பக்கத்துலதான் கீழ படுத்திருந்தேன். தூங்கறேன்னு நெனைச்சுட்டாங்க. வீட்டுல யாராவது ரொம்ப நாளா இருமறாங்களாம்மான்னு கேட்டாரு. இவ சொல்றா, ‘எங்கத்தை இருமும் சார். கேட்டாத் தறித் தூசின்னு சொல்லும். நீங்க நம்பாதீங்க. எங்க வீட்டுல தைராய்டுன்னு சொன்னது தைராய்டு இல்ல, தூசின்னு சொல்றதும் தூசியா இருக்காது’ன்னு.

 அவர் போனதும் எந்திரிச்சுக் கேட்டேன், என்னடி சொன்ன, உனக்கு என்ன தெரியும்னு. ‘எல்லாம் தெரியும் அத்தை. நீ டப்பாவுல இருக்கற பேரைத்தான் சுரண்டுன. உள்ள மடிச்சு வெச்சிருந்த காயிதத்தை அப்படியே குப்பையில போட்ட. நாலாவது படிக்கறப்பவே எடுத்துப் படிச்சுட்டேன்’ங்கறா. மூணு வருசமாத் தெரிஞ்சிருக்குது. மூணு வருசமா என் முன்னால தைராய்டு மாத்திரை குடு அத்தைன்னு கையை நீட்டியிருக்கறா. எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே. அவங்கம்மா புத்தி அம்மிணி. அதே அமுக்கு.

அத்தோட விட்டாளா? டாக்டர்கிட்ட இன்னொண்ணும் சொல்லியிருக்கறா, நர்சு வந்து சொல்லுச்சு. ‘எனக்கு மருந்து குடுக்கறதே எங்கத்தைதான், அதுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு யாரும் இல்ல, மொதல்ல அதைப் பாருங்க’ன்னாளாம். பாத்தீங்களா நைசா எப்படிப் பேசறான்னு? எனக்கு ஏதாவது ஆகோணும்னே அவளுக்கு எண்ணம்.

கலாமணி வந்து நின்னா மறுநாளே. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு. ஒம்பது வருசமா எட்டிப் பாக்காதவ. நடுவுல வந்தா, வரலைன்னு சொல்லல. ரெண்டு மூணு தீபாவளிக்குத் துணி கொண்டாந்தா, வாசல்லயே திருப்பி அனுப்பினேன். அந்தக் குடும்பத்துத் துணி எம்புள்ள மேல படக்கூடாது. அதுக்கப்பறம் வரல. அதுதான் சொல்றேன், எட்டிப் பாக்காதவ. அவ டாக்டர்கிட்டப் போய், ‘எங்க வீட்டுல எல்லாரும் டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டோம் சார், யாருக்கும் இல்ல’ன்னு சீட்டை நீட்டறா. யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே. அவங்க வீட்டுக்காரரு, மாமியாரு, எல்லாரும் வரிசையா நின்னு துப்பியிருக்காங்க. வெட்கங்கெட்ட சனம்.

நான் துப்பினா என்ன வரும்னு எனக்குத் தெரியாதுங்களா? ரவிக்கை மூணு தடவை புடிச்சுத் தைச்சுட்டேன், இன்னும் தொளதொளன்னு தொங்குது. கவலைன்னு சொல்லிக்கறேன். தலையணை தினமும் காலையில நனைஞ்சு கெடக்குது. புழுக்கம்னு சொல்லிக்கறேன். சன்னல் சாத்தின வீடு, புழுங்காம என்ன செய்யும்.

இருங்க. வந்துருச்சு. இருங்க.

வேண்டாம், தொடாதீங்க. தள்ளியே இருங்க. முதுகைத் தடவ வேண்டாம்.

என்ன சொன்னீங்க? மெதுவாப் பேசாதீங்க, எனக்குப் பாதி காது கேக்காது.

மருந்து ஆரம்பிச்சாக் கொஞ்ச வாரத்துல மத்தவங்களுக்கு ஒட்டாதா? யாரு சொன்னது? மறுபடி டெஸ்ட் பண்ணி நீங்களே பாத்துச் சொல்லுவீங்களா? அப்ப பவானிக்குப் போனாலும் திரும்பி வரலாமா? துப்பாம இருந்தாத்தான் வர முடியாதா? இதைப் போன வாரம் வந்த தம்பி சொல்லவே இல்லையே. ஒருவேளை சொன்னானோ என்னவோ. நான் கதவைத் திறக்காம இந்தப் பக்கம் நின்னு கத்திட்டு இருந்தேன்.

அவளே சொன்னாளா? உன்கிட்டயா? வார்டுல பாத்துட்டுத்தான் வந்தியா? என்ன சொன்னா?

அத்தை வந்தாத்தான் சோறு திம்பேன்னா சொன்னா.

மீன் தொட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா.

குடு. அந்த டப்பாவைக் குடு. காலையில எந்திரிச்சதும், பல்லு வெளக்கறதுக்கு முன்னால, அடித் தொண்டையில இருந்து. தெரியும், தெரியும். அந்த மேடையில வெச்சுட்டுப் போ. அவ வட்டல் பக்கத்துல வைக்காத, தள்ளி வை. நாளைக்குக் கரண்டு வந்துரும், நான் பட்டறைக்குப் போகாம இருக்கறேன், எட்டு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போயிரு. பூங்கொடி கேட்டாத் தைராய்டு டெஸ்ட்டுன்னு சொல்லு. சன்னலைத் திறந்து வைக்கோணுமா? கொண்டி துருப்புடிச்சுப் போச்சு, சுத்தியல் எடுத்துத் தட்டோணும். அதை நான் பாத்துக்கறேன்.

நில்லு கண்ணு. ஒண்ணே ஒண்ணு.

சீட்டுல எனக்கு இருக்குதுன்னு வந்தா, மருந்து திங்கறேன். செவப்பாப் போனாலும் பச்சையாப் போனாலும் திங்கறேன். கலாமணி வீட்டுக்கும் அனுப்பிக்க, திரும்பி வந்துருவான்னா அனுப்பிக்க. ஆனா அவளுக்கு இது எங்கிருந்து வந்துச்சுன்னு அவ உன்னைக் கேப்பா. கேக்காம இருக்க மாட்டா, படிக்கற புள்ள. அப்ப என்னைச் சொல்லாத. அவங்கம்மாகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லிரு.

ஏன் அப்படிப் பாக்கற? செத்து ஒம்பது வருசம் ஆனவகிட்ட இருந்து எப்படி வரும்னா? வரும், சொன்னா வரும். இந்த வீட்டுல இத்தனை நாளா எல்லாமே அவகிட்ட இருந்துதான் வந்துச்சு. ஒரு நாளாவது இல்லைன்னு சொல்லியிருப்பாளா அவ?